பார்க்காமல் போட்ட கையெழுத்து

நான்கு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், பெரம்பலூரில் நடந்தது இது. துறையூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு புதுக் குடியிருப்பில் எங்கள் வீடு இருக்கிறது. முன்பு மக்காச்சோளம் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்ற இடம். பிள்ளைகளை டவுன் பள்ளியில் படிக்க வைக்க வேண்டுமென்று சுற்றுவட்டாரத்திலிருந்து வந்து சேர்ந்தவர்கள்தான் அங்கே அதிகம். சிலர் சொந்தமாகக் கட்டிக்கொண்டோம். சிலர் வாடகைக்கு இருந்தார்கள்.

நாங்கள் அங்கே போனதற்குக் காரணம் என் இருமல். அதற்கு முன் அரியலூரில், லாரிகள் போய்வரும் சாலையை ஒட்டி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. இரண்டு வருடம் இருமி இருமி நெஞ்செலும்பு வலித்தது. மருந்து கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போன டாக்டர், “இனிமே மருந்து வேணாம்மா, வீட்ட மாத்துங்க” என்று சொல்லிவிட்டார். கணவருக்கு வேலை அரியலூரில்தான். தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன் என்று அவர் சொன்னதால் பெரம்பலூரில் வீடு கட்டினோம். வந்து மூன்றே மாதத்தில் இருமல் நின்றது. இனி நம் குடும்பத்துக்கு நோய்நொடி இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் அந்தக் குடியிருப்புக்கு வீடுகள் வந்த வேகத்தில் மற்றது எதுவும் வரவில்லை. சாக்கடை கிடையாது. காலி மனைகளில் மழைத்தண்ணீர் குட்டையாக நிற்கும். குழாயில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை, சில சமயம் பத்து நாளைக்கு ஒருமுறை. அதனால் எல்லா வீட்டிலும் தரைத்தொட்டி, டிரம், குடம், அண்டா என்று கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் பிடித்து வைத்திருப்போம். தண்ணீர் வராத ஊரில் வேறு எப்படிக் குடித்தனம் நடத்துவது?

நான் ஒரு தனியார் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் ஆசிரியை. கொசுவின் முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று நான்கு நிலைகளையும் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைந்துவிடுவேன். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும் என்று பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இதை இங்கே சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

வாரம் ஒருமுறை எங்கள் தெருவுக்குக் கொசுப்புழு பார்க்க ஒரு பெண் வருவார். முப்பது வயதுக்குள் இருக்கும். வாலிகண்டபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். காலை பஸ்ஸில் வந்து இறங்கி, சேலைக்கு மேல் ஒரு நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் டார்ச் லைட்டும் தோளில் மருந்துப் பாட்டில் வைத்த பையுமாக வீடு வீடாக ஏறி இறங்குவார். நகராட்சி ஒப்பந்தக்காரர் மூலமாகத் தினக்கூலிக்குச் செய்யும் வேலை. தொட்டியைத் திறந்து பார்ப்பார், டிரம்மில் டார்ச் அடித்துப் பார்ப்பார், புழு இருந்தால் மருந்து ஊற்றுவார். பிறகு வாசல் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கு வா, போ என்றுதான் பேசினேன். ஒருமுறை குடிக்கத் தண்ணீர் கேட்டார். வீட்டில் எத்தனையோ டம்ளர் இருக்க, ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் கொடுத்து, “நீயே வச்சுக்க, திருப்பித் தர வேணாம்” என்றேன். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் மாடிப்படி ஹாலுக்குள்ளேயே இருக்கிறது. மொட்டைமாடிக்குப் போக வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலைக் கடந்துதான் போக வேண்டும். காலை எட்டரை மணிக்கு வீட்டைத் துடைத்து முடித்து நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அந்தப் பெண் வருவார். சேற்றில் நடந்து வந்த காலோடு அவர் உள்ளே வருவது எனக்குப் பிடிக்காது. தூசியோடு இரண்டு வருடம் போராடியதால் வந்த வியாதி என்று என் கணவரிடம் சொல்வேன். அது மட்டும்தானா காரணம் என்று இப்போது என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

வெயில் காலத்தில் இதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. வெளியே இருக்கும் தரைத்தொட்டியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மழை ஆரம்பித்ததும் மாடியைப் பார்க்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார். முதல் வாரம், “நேரமாச்சு, அடுத்த வாரம் பாக்கலாம்” என்றேன். அடுத்த வாரம், “மாடியில ஒண்ணும் இல்ல” என்றேன். மூன்றாவது வாரம் அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“டீச்சர், ரெண்டு வாரமா மழ பேஞ்சிருக்கு. மாடிய மட்டும் ஒரு எட்டு பாத்துட்டு ஓடியாந்துடுறேங்க.”

“ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல. கையெழுத்த போட்டுட்டுக் கெளம்பு.”

“பாக்காம போடக் கூடாதுங்க டீச்சர். சார் கேட்டா நாந்தான் பதில் சொல்லணும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நான் சயின்ஸ் டீச்சர். கொசு எங்க முட்ட போடும்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா? போன வாரம் ஒன் சூப்பர்வைசர் நம்பர் குடுத்துட்டுப் போனாரு. போன் பண்ணி, நீ வாராவாரம் வந்து தொந்தரவு பண்றன்னு சொல்லவா?”

அவர் முகம் சிறுத்துப்போனது. அட்டையில் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நான் பத்து நிமிடம் முன்னதாகவே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் அரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார். அம்மாவுக்குக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. ஒரே பெண் குழந்தை, மூன்றாம் வகுப்பு. அவர்கள் இருவரும் வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும் என்பதால், பள்ளி விட்டு வந்ததும் குழந்தை என் வீட்டு வராண்டாவில்தான் இருப்பாள். வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுப்பேன். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் ரயில் மாதிரி போய்க்கொண்டிருப்பாள், ஏழாம் வாய்ப்பாடு வந்ததும் தண்ணீர் தாகம் எடுத்துவிடும். என் கணவர் அரியலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வறுத்த கடலை வாங்கி வருவார். அவர் வருவதற்குள் எழுதி முடித்தால்தான் கடலை என்று ஒரு சட்டம் போட்டிருந்தேன். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் கிறுக்கித் தள்ளிவிட்டு நோட்டை மூடுவாள்.

அந்த மழை நாட்களில் அவள் எழுதும்போது காலைச் சொறிந்துகொண்டே இருப்பாள். “கைய வச்சுக்கிட்டு சும்மா இருடி, புண்ணாயிடும்” என்று திட்டி, முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். பட்டப்பகலில் கொசு கடிக்கிறதே, அது என்ன கொசு என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை.

நான் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பி ஒரு வாரத்துக்கும் மேல் ஆகியிருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் அவள் அம்மா லீவு போட்டாள். இரண்டாம் நாள் கடையில் லீவு கிடைக்கவில்லை. எனக்கும் பள்ளியில் பரீட்சை பேப்பர் திருத்தும் வேலை. மெடிக்கலில் வாங்கிய மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பகலெல்லாம் எதிர்வீட்டம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். என்னிடம் கேட்கத்தான் கேட்டாள்.

“டீச்சர், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரலாமா?”

“சீசன் காய்ச்சல்மா. எங்க ஸ்கூல்ல பாதிப் பிள்ளைங்களுக்கு இருக்கு. மூணு நாள்ல விட்டுரும், பயப்படாத.”

படித்த டீச்சர் சொன்னதால் அவளும் நம்பினாள். நான் சொன்னது போலவே நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று சனிக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். குழந்தை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வராண்டாவுக்கு வந்து உட்கார்ந்தாள். ரசம் சாதம் பிசைந்து கொடுத்தேன். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, “போதும் மிஸ், வயிறு ஒரு மாதிரியா இருக்கு” என்று என் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டாள். கை சில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டதே, அதனால்தான் என்று எண்ணிக்கொண்டு அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் உண்மையான ஆபத்து ஆரம்பமாகும் என்பது எனக்குத் தெரியாது. கொசுவைப் பற்றித் தெரிந்த எனக்கு அது தெரியாமல் போனது.

நான்கு மணிக்கு வாந்தி எடுத்தாள். நான் போன் செய்ததும் அவள் அப்பா லோடை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். அவள் அம்மா கடையிலிருந்து நேராக அங்கே வந்து சேர்ந்தாள். ரத்தம் எடுத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், டாக்டர்கள் மாறி மாறி வந்து பார்த்தார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா, “நேத்தே கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா” என்று அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அவள் அம்மா என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. ‘நீங்க சொல்லுங்களேன் டீச்சர்’ என்பது போல ஒரு பார்வை. நான் தரையைப் பார்த்தேன்.

ஆம்புலன்சில் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமை காலை, பள்ளியில் பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து வகுப்புக்குள் நுழையும்போது கணவரிடமிருந்து போன் வந்தது. குழந்தை போய்விட்டாள்.

திருச்சியிலிருந்து நேராக அரும்பாவூருக்கே கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் இருவரும் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பள்ளிச் சீருடையைப் போட்டு, தலை வாரி, ரிப்பன் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் அம்மா அழக்கூட இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், இவளுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை” என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை எங்கள் தெருவுக்கு ஒரு பட்டாளமே வந்தது. புகை அடிக்கும் இயந்திரத்தோடு இரண்டு பேர், சுகாதார ஆய்வாளர், சூப்பர்வைசர், அவர்களோடு அந்தப் பெண்ணும். ஒரு வீடு விடாமல் பார்த்தார்கள். இந்த முறை என்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. ஆய்வாளர் செருப்பைக் கழற்றாமலேயே ஹாலைக் கடந்து மாடி ஏறினார். நான் பின்னாலேயே போனேன்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வீடு கட்டும்போது சிமெண்ட் கலக்க வைத்திருந்த ஒரு பாதியாக வெட்டிய டிரம் கிடந்தது. அப்படியொன்று அங்கே இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. முழங்கால் வலியால் நான் மாடி ஏறுவதே குறைவு, துணியெல்லாம் கீழேயே காயப்போட்டுவிடுவேன். டிரம் நிறைய மழைத்தண்ணீர். ஆய்வாளர் டார்ச் அடித்தார். உள்ளே நூற்றுக்கணக்கில் புழுக்கள், தலைகீழாகத் தொங்கிக்கொண்டும் நெளிந்துகொண்டும் இருந்தன. சில கூட்டுப்புழுவாகி, காற்புள்ளி போல வளைந்து மிதந்தன. நான் கரும்பலகையில் வரைவது அச்சு அசலாக அங்கே இருந்தது. சில புழுக்கள் எப்போதோ கொசுவாகிப் பறந்துபோயிருந்தன. மேலே மிதந்த வெற்றுக் கூடுகள் அதைச் சொல்லின.

கீழே வந்ததும் ஆய்வாளர் வாசல் அட்டையைப் பார்த்தார். அதற்குள் தெருவே எங்கள் கேட் முன்னால் கூடிவிட்டது. துணிமணி எடுத்துப்போக வந்திருந்த குழந்தையின் அப்பாவும் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம், அழுக்கு வேட்டி.

ஆய்வாளர் அட்டையில் விரலை வைத்து அந்தப் பெண்ணிடம் கேட்டார். “இது ஒன் கையெழுத்துதான?”

“ஆமாங்க சார்.”

“மேல ஏறிப் பாத்தியா?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். நான் பேசியிருக்க வேண்டிய கணம் அது. ‘அவங்க கேட்டாங்க சார், நாந்தான் விடல’ என்று ஒரு வரி. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பாக்கலீங்க சார்” என்றார் அவர். “அவசரத்துல போட்டுட்டேன்.”

குழந்தையின் அப்பா இரண்டே எட்டில் கிட்டே வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவர் குரல் கிழிந்துபோயிருந்தது. “ஏம்மா, சம்பளம் வாங்கிட்டுத்தான வேல பாக்குற? நீ ஒழுங்கா பாத்திருந்தா எம் புள்ள இருந்திருக்குமே...”

அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை. நீலக் கோட்டின் நுனியைக் கையில் பிடித்துச் சுருட்டிக்கொண்டே நின்றார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் வேறொரு பெண் வந்தார். பழைய பெண்ணை ஒப்பந்தக்காரர் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். நான் அந்தப் புதுப் பெண்ணை உட்காரவைத்துக் காபி கொடுத்தேன், மாடிச் சாவியைக் கொடுத்தேன். எதற்கு இத்தனை உபசாரம் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

அடுத்த வீட்டுக்காரர்கள் அந்த மாதமே காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர், என்னைத் தேற்றப் பார்த்தார். “நம்ம தெருவுல ஆறு வீட்ல புழு இருந்துச்சு. அந்தக் காலி மனையப் பாரு, கொட்டாங்குச்சியும் டயருமா கெடக்கு. அந்தப் புள்ள ஸ்கூல்ல கடி வாங்கியிருக்கலாம். எந்தக் கொசுன்னு யாரால சொல்ல முடியும்?” அவர் சொன்னது உண்மைதான். அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு மாசி மாதம் வரை காலத்தை ஓட்டினேன்.

ஒருநாள் வகுப்பில் அந்தப் பாடத்தைத் திருப்புதலுக்காக எடுத்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் புழுவின் படத்தை வரைந்ததும் ஒரு மாணவி எழுந்து, “மிஸ், நெஜமான கொசுப்புழுவ எங்க மிஸ் பாக்கலாம்?” என்று கேட்டாள். ஆர்வத்தில் கேட்ட சாதாரணக் கேள்வி. சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்து, கைகழுவும் இடத்தில் நின்று வெகுநேரம் அழுதேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வாலிகண்டபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

அங்கிருக்கும் கோயிலைத் தாண்டி விசாரித்து விசாரித்து அவர் ஊரைக் கண்டுபிடித்தேன். ஒரு களத்தில் ஏழெட்டுப் பெண்கள் சின்ன வெங்காயத்தைக் குவித்து வைத்து, அதன் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவராக அவர் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “வாங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு, நிழலில் ஒரு சாக்கை விரித்தார். பக்கத்து வீட்டிலிருந்து சொம்பில் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார்.

நான் கொண்டுபோயிருந்த ஆப்பிள் பையைக் கையில் வைத்துக்கொண்டே, “என்னை மன்னிச்சிடுங்க. அன்னைக்கு நான் பேசியிருக்கணும்” என்றேன்.

அவர் முந்தானையில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டார். பிறகு சொன்னார். “எனக்கும் எட்டு வயசுல ஒரு பொண்ணு இருக்கா டீச்சர். நீங்க விடலன்னாலும் நான் கையெழுத்து போட்டிருக்கக் கூடாதுல்ல. சாருட்ட போயி, அந்த வூட்ல விட மாட்டேங்குறாங்கன்னு சொல்லியிருக்கலாம். வேல போயிருமோன்னு பயந்துட்டேன். என்னத்த பயந்து என்ன, கடைசியில போயிருச்சு.”

“அன்னைக்கு ஏன் என்னைச் சொல்லல?”

“சொன்னா நம்புவாங்களா?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார். கசப்பாகக்கூடச் சொல்லவில்லை, நேரம் என்ன என்று கேட்பது போலக் கேட்டார். “வேல போனது கெடக்குது டீச்சர், வெங்காயம் இருக்கு, சோளம் இருக்கு, பொழச்சுக்குவேன். அந்த அண்ணன் எம் மூஞ்சியப் பாத்து கேட்டாரு பாருங்க, அதுதான் போவ மாட்டேங்குது. எங்கிட்ட வந்து சொல்றீங்க, சரி. அவருட்ட சொன்னீங்களா?”

நான் சொல்லவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். அவர் எழுந்து வெங்காயத்துக்குப் போய்விட்டார். ஆப்பிள் பையை வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நகராட்சி ஆபீசுக்குப் போய், நடந்ததை நடந்தபடி எழுதி, என் பெயரும் முகவரியும் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் படித்த அதிகாரி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒப்பந்தக்காரரிடம் பேசுவதாகச் சொன்னார். பேசியும் இருப்பார். ஆனால் அந்த இடத்தில் ஏற்கனவே வேறு ஆள் போட்டாகிவிட்டது. அந்த வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு அரும்பாவூருக்குப் போனேன். என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கணவரும் வந்தார். குழந்தையின் அப்பா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அங்கேயே போனோம். வரப்பில் நின்றபடி ஒன்றுவிடாமல் சொன்னேன். மாடிக்குப் போக விடாதது, மிரட்டிக் கையெழுத்துப் போட வைத்தது, ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்று அவர் மனைவியிடம் சொன்னது, கேட் அருகில் வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாம். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். மடை நிரம்பி அடுத்த பாத்திக்குத் தண்ணீர் வழிந்து ஓடியது, அதைத் திருப்பிவிடக்கூட நகரவில்லை. கடைசியில் கேட்டது ஒன்றுதான்.

“அந்தப் பொண்ணுக்கு எந்த ஊரு டீச்சர்?”

சொன்னேன். தலையாட்டினார். நாங்கள் திரும்பி நடக்கத் தொடங்கிய பிறகு, பின்னாலிருந்து “டீச்சர்” என்று கூப்பிட்டார். கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“இத எங்க வூட்டுக்காரிகிட்ட சொல்லிராதீங்க. ‘கடைசியா டீச்சர் மடியிலதான் படுத்திருந்தா, அவங்க வூட்ல சந்தோசமா இருந்தா, நல்லா சொல்லிக் குடுத்தாங்க’ன்னு தெனமும் சொல்லிக்கிட்டிருக்கா. அவளுக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துராதீங்க.”

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் அந்த வாரமே வாலிகண்டபுரத்துக்குப் போய், அந்தப் பெண்ணிடம், “தப்பா பேசிட்டேம்மா” என்று சொல்லிவிட்டு வந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் நான்கு மாதம் தயங்கியதை, பிள்ளையைப் பறிகொடுத்த அந்த மனிதர் நான்கு நாளில் செய்துவிட்டார்.

மழை ஆரம்பித்தால் இப்போது நானே தெருவில் இறங்கிவிடுகிறேன். காலி மனைகளில் கிடக்கும் டயரையும் கொட்டாங்குச்சியையும் கவிழ்த்துப் போடுகிறேன். எங்கள் தெருப் பெண்கள் நால்வர் கூட வருகிறார்கள். குழாய்த் தண்ணீர் இன்னும் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது, சாக்கடைக்கு அளந்துகொண்டு போனவர்கள் இன்னும் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய், “காய்ச்சல் விட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு வருகிறேன். டீச்சருக்கு இதே வேலை என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் குழந்தையின் பிறந்தநாள் தை மாதத்தில் வருகிறது. வருடம் தவறாமல் அன்றைக்கு அவள் அம்மா எனக்குப் போன் செய்கிறாள். “நீங்க இருந்ததாலதான் டீச்சர் நான் நிம்மதியா வேலைக்குப் போயிட்டு வந்தேன், எம் புள்ளைய உங்க புள்ள மாதிரி பாத்துக்கிட்டீங்க” என்கிறாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, “ஆமாம்மா, ஆமாம்மா” என்று மட்டும் சொல்கிறேன். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நின்றவளுக்கு, ஆயுசு முழுக்கப் பேசாமல் இருப்பதே தண்டனையாக வந்து சேர்ந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.